பதினேழு சுற்று

வண்டி முதல் கியரில் இருந்தது. லீவர் நியூட்ரலில் இருந்தது. இரண்டும் ஒன்றாக நடக்க வழியில்லை என்பதால் கியர்பாக்ஸ் போய்விட்டது என்று தீனா முடிவுகட்டியிருந்தான்.

"உள்ள ஃபோர்க்கு ஒடஞ்சிக்கீது அண்ணாத்த," என்றான். "பாக்ஸ எறக்கணும். எறக்குனா ஒரு வாரம். நாளைக்கு எஃப்.சி.ய வச்சிகினு நீ இன்னா பண்ணப் போற?"

தீனா கொக்கிலமேட்டில் படகு எஞ்சின் பார்ப்பவன். வேன், லாரியும் பார்ப்பான். நல்ல வேலைக்காரன். ஆனால் ஹேண்ட் கியர் வண்டி அவன் கைக்கு அதிகம் வந்ததில்லை. கியர் லீவர் தரையிலிருந்து முளைக்காமல், ஸ்டீயரிங் கம்பத்தின் இடப்பக்கம் ஒரு குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் வண்டி இந்தக் கரையில் ஒன்றே ஒன்றுதான். அது என் மனைவி துர்காதேவியுடையது.

துர்கா இறந்து ஒன்பது மாதம் ஆகிறது. டெங்கு. ஐந்து நாள்.

இந்த மினி லாரியில்தான் அவள் தினமும் மீன் ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குப் போவாள். ஹேண்ட் பிரேக் பிடிக்காது. அதனால் எப்போதும் முதல் கியரில் போட்டுத்தான் நிறுத்துவாள். ஜனவரி பதினொன்றாம் தேதியும் அம்மா வீட்டுக்குப் பக்கத்துச் சவுக்குத் தோப்பு ஓரமாக அப்படித்தான் நிறுத்தியிருக்கிறாள். மறுநாள் காய்ச்சல் வந்தது. அதற்குப் பிறகு யாரும் வண்டியைத் தொடவில்லை. நேற்று தீனா எஞ்சினைக் கிளப்பிப் பார்த்துவிட்டு, லீவரை முதல் கியரிலிருந்து எடுத்திருக்கிறான். எடுக்காமல் எப்படிப் பார்ப்பது? சரிதான். இருந்தாலும் படூரிலிருந்து பஸ்ஸில் வந்த வழியெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் விட்ட இடத்தில் லீவர் இல்லை.

என் பெயர் ஜெபகுமார். அப்பா கல்பாக்கத்தில் வேலை பார்த்தவர், நாகர்கோவில்காரர். நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு ஓ.எம்.ஆரில் ஒரு அலுவலகத்தில் கார்க் கதவுகளுக்குக் கீல் வரைகிறேன். கம்ப்யூட்டரில்தான். நிஜக் கீலைத் தொட்டு வருஷக்கணக்காகிறது. துர்கா போனபின் புதுப்பட்டினத்தில் நாங்கள் இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டுப் படூரில் ஓர் அறை எடுத்துக்கொண்டேன். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு கொக்கிலமேட்டுக்கு வந்தது இன்றைக்குத்தான்.

என்னை வரச்சொன்னவள் சுவேதா. துர்காவின் தங்கை. சனிக்கிழமை போன் செய்தாள்.

"மாமா, திங்கக்கெழம எஃப்.சி.க்குத் தேதி வாங்கிகீறோம். தேதி தாண்டிச்சின்னா இந்த வயசுல வண்டிக்கு மறுபடி எஃப்.சி. குடுக்க மாட்டாங்களாம். அம்மா செவ்வாக்கெழம காயலாங்கடைக்காரன வரச் சொல்லிடுச்சி. நீ வந்து ஒரு தபா பாரு."

"தீனா பார்த்தானே."

"அவன் பாத்தான். நீ படிச்சிகீற இல்ல?"

அவர்களுக்கு வண்டி வேண்டும். துர்கா இல்லாமல் என் மாமியார் சொர்ணம் அலுமினியக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிறார். கவிச்சி அடிக்கிறது என்று பாதிப் பேர் நிறுத்துவதில்லை. சுவேதா போன மாதம் லைசென்ஸ் எடுத்துவிட்டாள். வண்டி ஓடி, எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று கிடைத்தால் இரண்டு பேரும் மார்க்கெட்டுக்குப் போவார்கள். ஓடாவிட்டால் கிரேன் வந்து பழைய இரும்புக்குத் தூக்கிக்கொண்டு போகும்.

எனக்கும் வண்டி வேண்டும். காரணம் வேறு. எங்களுக்குக் குழந்தை இல்லை. இந்த வண்டி போய்விட்டால் இந்த வீட்டுக்கு வர எனக்கு ஒரு சாக்கும் மிச்சமில்லை.

*

மாமியார் வாசலில் நின்று "வாங்க மாப்ள" என்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "எளச்சிப் பூட்டீங்க. நாஸ்தா துன்னுட்டு வண்டில கைய வைங்க" என்றார்.

"அப்புறம் சாப்பிடுறேன் அத்தை."

"அவ சொல்லுவா. அவருக்குப் பசிச்சாலும் வாயத் தொறந்து கேக்க மாட்டாரு, நீதான் எடுத்து வைக்கணும்னு."

யார் சொன்னாள் என்று இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை. நான் சட்டையைக் கழற்றி சவுக்குக் கிளையில் மாட்டினேன்.

வண்டிக்குப் புதுசாக மஞ்சள் கோடு அடித்திருந்தார்கள். பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டியிருந்தது. பிரேக், லைட், ஹாரன் எல்லாவற்றையும் தீனா பார்த்துவிட்டான், ஹேண்ட் பிரேக் உட்பட. கியர் மட்டும்தான் பாக்கி. அவன் ஒரு கவிழ்த்துப் போட்ட ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து, இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டான்.

"நீ பாரு அண்ணாத்த. நான் வேடிக்க பாக்கறன். பி.ஈ. படிச்ச கை எப்டி வேல செய்யுதுன்னு நானும் கத்துக்கறன்."

"டேய், வாய மூடிகினு துன்னுடா," என்றாள் சுவேதா.

நான் வண்டியில் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். இந்தப் பக்கம் நான் அதிகம் உட்கார்ந்ததில்லை. என் இடம் இடது ஜன்னல். விடுமுறை நாட்களில் அவளோடு செங்கல்பட்டு வரை போவேன். அவள் ஓட்டுவாள், நான் ஐஸ் உருகும் சத்தம் கேட்டுக்கொண்டு வருவேன்.

லீவரைத் தொட்டேன். முனையில் இருந்த கறுப்பு உருண்டையில் அவள் உள்ளங்கை பட்ட இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. என் கை அதில் சரியாகப் பொருந்தவில்லை. அவளுடையது சின்னக் கை.

கிளட்சை மிதித்து முதல் கியருக்குத் தூக்கினேன். போனது. நியூட்ரலுக்கு இறக்கினேன். வந்தது. மூன்றாவதுக்குத் தள்ளினேன். பாதி வழியில் சுவரில் முட்டியது மாதிரி நின்றது. மறுபடி நியூட்ரல். இறங்கி வண்டியைத் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. கியரில்தான் இருந்தது.

"பாத்தியா?" என்றான் தீனா, வாயில் இட்லியோடு. "உள்ள போச்சி."

இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இந்த மாதிரி வண்டியில் லீவருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே தூரம் அதிகம். லீவரை ஆட்டினால் ஸ்டீயரிங் கம்பத்தை ஒட்டிய ஒரு குழாய் திரும்பும். குழாயின் அடியில் இரண்டு ஆர்ம். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நீள ராடு பின்னால் போய், கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும் இன்னொரு ஆர்மைத் தள்ளும், இழுக்கும். ஒரு ராடு ஒன்று, இரண்டுக்கு. மற்றது மூன்று, நான்குக்கு. கை ஒன்று சொல்லும். பெட்டி வேறொன்று கேட்டிருக்கும். எந்த இடத்தில் பேச்சு அறுந்தது என்று பார்க்காமல் பெட்டியைக் குற்றம் சொல்லக்கூடாது.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்பது வேறு விஷயம். முதலில் நானும் தப்பான இடத்தில்தான் தேடினேன். ஸ்டீயரிங்குக்கு அடியில் படுத்து, குழாயின் கீழ்முனையைக் கழற்றி, உப்புத் துருவைச் சுரண்டி, டீசலில் கழுவி, கிரீஸ் வைத்து மாட்டினேன். ஒன்றரை மணி நேரம் போனது. ஒரு மாற்றமும் இல்லை. தீனா சாப்பிட்டு, கைகழுவி, ஒரு தூக்கமும் போட்டு எழுந்திருந்தான். வானம் மூடிக்கொண்டு வந்தது. கடலில் இரைச்சல் அதிகமாயிருந்தது.

"சுவேதா, நீ மேலே ஏறி உட்கார். நான் சொல்றப்போ லீவரை மெதுவா ஆட்டணும். எஞ்சின் வேண்டாம்."

பின் சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் போனேன். விரித்திருந்த தார்ப்பாய்க்குக் கீழே மணல் ஈரமாக இருந்தது. போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ராடுகளின் மறுமுனையைத் தேடிப் பின்னால் நகர்ந்தேன். சுவேதாவின் குரல் தகரத்தின் வழியாக வந்தது.

"மாமா, உசுரோட கீறியா?"

"ஒண்ணுக்குப் போடு."

ராடு நகர்ந்தது.

"நியூட்ரல்."

ராடு திரும்பி வந்தது. கியர்பாக்ஸின் ஆர்ம் வரவில்லை.

"மறுபடி. மெதுவா."

அவள் லீவரை இறக்க இறக்க, ராடு முழு வழியும் வந்தது. ஆர்ம் இருந்த இடத்திலேயே இருந்தது. ராடின் வளைந்த முனை ஆர்மின் துளைக்குள் அரை விரல் அகலத்துக்குச் சும்மா போய்வந்தது. அவ்வளவு ஆட்டம் இருந்தால் லீவர் நியூட்ரலுக்கு வந்துவிடும், பெட்டி முதல் கியரிலேயே கிடக்கும். ஒரு கியர் விழுந்திருக்கும்போது இன்னொன்றைப் போட பெட்டி விடாது. மூன்றாவது முட்டியது அதனால்தான்.

ஸ்பேனரின் பின்பக்கத்தால் ஆர்மை ஒரு தட்டு தட்டினேன். டக்கென்று ஒரு சத்தம். வண்டி என் தலைக்குமேல் ஓரங்குலம் நகர்ந்து கல்லில் இடித்து நின்றது.

"ஐயோ மாப்ள!" என்று மாமியார் கத்தினார்.

"ஒண்ணுமில்ல அத்தை. நியூட்ரல் வந்துடுச்சு."

கையாலேயே ஆர்மை முன்னும் பின்னும் தள்ளினேன். டக், டக். ஒன்று, இரண்டு. சுத்தமாக விழுந்தது. பெட்டிக்கு ஒன்றும் இல்லை. தீனா குனிந்து எட்டிப் பார்த்தான்.

"ஃபோர்க்குன்னு எவன் சொன்னது?" என்றான்.

"நீதான்டா சொன்ன, பரதேசி," என்றாள் சுவேதா மேலேயிருந்து.

*

துளையைச் சுற்றி மண்ணும் கிரீஸும் சேர்ந்து எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டி. துணியால் துடைத்தேன். கறுப்புக்குக் கீழே நீலம் தெரிந்தது. மறுபடி துடைத்தேன். வலைநூல்.

யாரோ ராடின் முனையையும் ஆர்மையும் சேர்த்து நீல வலைநூலால் கட்டியிருந்தார்கள். சும்மா சுற்றியதல்ல. வலை பின்னுகிறவர்கள் கயிற்றில் மிதவையைக் கட்டுவதுபோல, ஒரு சுற்று வலம், ஒரு சுற்று இடம், நடுவே ஒரு இறுக்கு. ஒரு பக்கம் நூல் தேய்ந்து நைந்து, கட்டு வாய் பிளந்து கிடந்தது. பேச்சு அறுந்தது அங்கேதான்.

அந்தத் துளையில், ராடின் முனையை ஆட்டமில்லாமல் பிடிக்கிற வளையமாக, ஒரு வெள்ளை நைலான் புஷ் இருக்க வேண்டும். எனக்குத் தெரியும். நான்தான் போட்டேன்.

கல்யாணமாகி மூன்றாவது மாதம். இதே தொல்லைதான். அவள் ஓட்டிக்கொண்டே லீவரோடு சண்டை போடுவாள். நான் வெர்னியர் வைத்துத் துளையை அளந்து, செங்கல்பட்டில் ஒரு கடையில் புஷ் வாங்கி, மார்க்கரால் அதன்மேல் அளவை எழுதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே இடத்தில் படுத்து மாட்டினேன். அவள் வண்டியைக் கரை வரைக்கும் ஓட்டிவிட்டு வந்து, எல்லார் முன்னாலும் என் கன்னத்தைக் கிள்ளினாள். "வெண்ண மாரி போவுதுபா" என்றாள். அதற்குப் பிறகு மூன்று வருஷம், நான் ஏறும்போதெல்லாம் சொல்வாள். "இஞ்சினியரக் கட்டிகினா இதான் லாபம்." அலுவலகத்தில்கூட நான் இதைச் சொல்லியிருக்கிறேன். என் வாழ்க்கையில் நான் கையால் சரிசெய்த ஒரே பொருள் என்று.

"சுவேதா. இங்கே வந்து இதைப் பார்."

அவள் இறங்கி வந்து மணலில் மண்டியிட்டாள். பார்த்தாள். நூலை விரலால் தொட்டாள்.

"யார் கட்டினது?"

"மாமா… உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகிச்சி."

"சொல்லு."

"நீ போட்டியே ஒரு பிளாஸ்டிக்கு. அது இருவது நாளுகூட தாங்கல. திருக்கழுக்குன்றத்துல ரோட்டு மேலயே ஒடஞ்சிச்சி. லோடு முழுக்க சங்கராவும் கிழங்கானும். நானும் கூட போயிருந்தேன். அக்கா தார்ப்பாயிலேர்ந்து நூலை அறுத்துகினு அடியில போய்ப் படுத்துச்சி. ரோட்ல போறவன்லாம் நின்னு பாக்கறான். அர மணி நேரத்துல கட்டி முடிச்சிச்சி. அப்றம் மாசா மாசம் அவுத்துட்டு புதுசா கட்டும். நீ ஆபீஸ் போனப்பறம். எனக்கு டார்ச்சு புடிக்கற வேல."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ மூஞ்சத் தூக்கி வச்சிக்குவியாம். 'பாவம்டி, முதுகு வலிக்கப் படுத்துகினு செஞ்சாரு, வுடு'ன்னிச்சி."

நான் வண்டிக்கு அடியிலேயே கிடந்தேன். ஏன் உடைந்தது என்று இப்போது தெரிந்தது. துளையை மட்டும் அளந்திருக்கிறேன். அதற்குள் போகிற ராடின் முனை தேய்ந்து ஒரு பக்கம் இளைத்துப் போயிருந்ததை அளக்கவில்லை. படத்தில் வட்டமாக இருப்பது இரும்பிலும் வட்டமாகத்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறேன். தளர்ந்த முனை தட்டித் தட்டியே புஷ்ஷைப் பிளந்துவிட்டது.

ஒன்பது மாதமாக அவளைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரியவரவில்லை. எல்லாம் எனக்கு முன்பே தெரிந்தது. தெரிந்ததையே எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது புதிது. அவள் என்னிடம் மூன்று வருஷம் பொய் சொல்லியிருக்கிறாள்.

எனக்கு அவள் வேண்டியிருந்தது. அங்கே, அந்த நிமிஷம், அந்த ஈர மணலில். சண்டை போடுவதற்கு.

*

ஞாயிற்றுக்கிழமை. செங்கல்பட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை எதுவும் திறந்திருக்காது. நாளை காலை ஒன்பது மணிக்கு வண்டி ஆர்.டி.ஓ. மைதானத்தில் நிற்க வேண்டும். கம்பியால் கட்டலாம் என்றான் தீனா. கம்பி இரும்பில் உரசி அறுந்துவிடும், செங்கல்பட்டு வரை தாங்காது. ஆகவே நூல்தான்.

"உனக்குக் கட்டத் தெரியுமா?" என்று சுவேதாவைக் கேட்டேன்.

"பாத்துகினு இருப்பேன். கட்டத் தெரியாது."

தீனாவுக்கு மிதவை கட்டத் தெரியும். ஆனால் இது அப்படி இல்லை என்று அவனே சொன்னான். "இது இன்னாவோ அதுவா கண்டுபுடிச்சிக்கீது. எந்தப் பக்கம் ஆரம்பிச்சிதுன்னே தெரியலயே."

தெரிய வேண்டுமானால் ஒரே வழி. அதை அவிழ்க்க வேண்டும். கத்தியால் அறுத்து எறிந்தால் ஒரு நொடி. எப்படிக் கட்டினாள் என்று தெரியாமல் போகும். அவிழ்த்தால் தெரியும். எப்படி ஆனாலும் கட்டு போய்விடும்.

மாமியார் குனிந்து, "மாப்ள, வேணாம்னா வுட்ருங்க," என்றார். "வண்டி போனா போவுது. கஷ்டப்பட்டுகினு செய்யாதீங்க."

"இல்ல அத்தை. அவிழ்க்கிறேன்."

முனையைத் தேடினேன். நூலின் கடைசி நுனி கட்டுக்கு உள்ளே செருகப்பட்டு, தட்டையாக நசுங்கியிருந்தது. இடுக்கியால் நசுக்கியது மாதிரி இல்லை. அதை வெளியே எடுத்து ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தேன். "வலம்," என்றேன். சுவேதா தன் போனில் எழுதிக்கொண்டாள். "இடம். வலம். இறுக்கு." நூல் விறைப்பாக இருந்தது. பிரித்த இடத்தில் அதன் பழைய வளைவு அப்படியே நின்றது. கையில் நீல ஸ்பிரிங் மாதிரி சேர்ந்துகொண்டே வந்தது.

"எத்தனை?"

"பதினேழு சுத்து மாமா."

பதினேழாவது பிரிந்ததும் உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. என் புஷ். இரண்டாகப் பிளந்திருந்தது. அவள் அதைத் தூக்கி எறியவில்லை. இரண்டு பாதியையும் ராடின் முனையைச் சுற்றிச் சேர்த்துப் பிடித்து, அதன்மேல்தான் நூலைச் சுற்றியிருக்கிறாள். மாதாமாதம் அவிழ்த்து, மாதாமாதம் அதையே வைத்துக் கட்டியிருக்கிறாள். ஒரு பாதியில் நான் எழுதிய எண் இன்னும் மங்கலாக இருந்தது. பதினெட்டு.

சுவேதாவிடம் காட்டவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும்.

மாமியார் வீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு நூல்கண்டு கொண்டுவந்தார். அதே நீலம். நான் இரண்டு பாதியையும் முனையில் பொருத்தி, எழுதியிருந்தபடி சுற்றினேன். லீவரை ஆட்டச் சொன்னேன். நான்காவது ஆட்டத்தில் கட்டு வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. இரண்டாம் முறை இன்னும் இறுக்கினேன். விரல்தான் அறுந்தது.

"மெழுவத்தி தேக்கணும் மாமா," என்றாள் சுவேதா. "மறந்தே பூட்டேன். அக்கா மெழுவத்தி தேச்சிட்டுதான் கட்டும். அப்றம் கடைசி இழுப்பு கையால இழுக்காது."

"பின்னே?"

"பல்லால."

நசுங்கிய நுனி எதனால் நசுங்கியது என்று அப்போது புரிந்தது.

மெழுகு தேய்த்து மூன்றாம் முறை சுற்றினேன். பதினேழு. நுனியைப் பல்லில் கவ்வி, தலையைப் பின்னால் சாய்த்து இழுத்தேன். டீசல், மெழுகு, உப்பு. கட்டு முனகிக்கொண்டு இறங்கி இரும்போடு அமர்ந்தது. இழுத்தபடியே கொஞ்ச நேரம் இருந்தேன். தேவைக்கு அதிகமான நேரம்தான். அவள் வாயும் இதே இடத்தில் இதே கசப்பைக் கவ்வியிருக்கும். மாதம் ஒரு முறை. நான் ஆபீஸில் கீல் வரைந்துகொண்டிருக்கும்போது.

"மாமா, தூங்கிட்டியா?"

"ஒண்ணுக்குப் போடு," என்றேன்.

ராடு நகர்ந்தது. ஆர்மும் நகர்ந்தது.

"நியூட்ரல். மூணு."

டக்.

தீனா வண்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினான். "அண்ணாத்த, வேலைய வுட்டுட்டு வந்துடு. நாம ரெண்டு பேரும் சேந்து கட போட்டுடலாம்."

நான் வெளியே வந்தபோது மாமியார் தட்டோடு நின்றிருந்தார். இட்லி ஆறிப்போயிருந்தது. தின்றேன்.

*

திங்கட்கிழமை சுவேதா ஓட்டினாள். நான் இடது ஜன்னலில் உட்கார்ந்தேன். பக்கிங்ஹாம் கால்வாய்ப் பாலம் தாண்டும்வரை அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பழகிவிட்டது.

திருக்கழுக்குன்றம் தாண்டி மேட்டில் ஒரு பஸ்ஸுக்காக மெதுவாக்கி, இரண்டுக்கு வந்தாள். பிறகு மூன்றுக்குப் போக வேண்டும். லீவரை இரண்டிலிருந்து எடுத்தாள். நியூட்ரலில் நிறுத்தவில்லை. அதைத் தாண்டி ஒரு விரற்கடை முன்னால் போய், திரும்பி வந்து, அப்புறம் மூன்றுக்குத் தள்ளினாள்.

துர்கா அப்படித்தான் போடுவாள். நூல் தளரத் தளர ஆட்டம் கூடும். அதை ஈடுகட்டத்தான் அவள் தாண்டிப் போய்த் திரும்பியிருக்கிறாள். நான் அதை அவளுடைய பழக்கம் என்று நினைத்திருந்தேன், தலையைச் சாய்த்துப் பார்ப்பது மாதிரி, ஹாரனை இரண்டு தரம் அடிப்பது மாதிரி.

"இப்போ அப்படிப் போட வேண்டாம். ஆட்டம் இல்லை," என்றேன்.

"அக்கா அப்டிதான் மாமா போடும்."

"தெரியும்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வயலில் தண்ணீர் கட்டியிருந்தார்கள். அடுத்த தடவையும் அவள் தாண்டிப் போய்த்தான் திரும்பினாள். ரோட்டைப் பார்த்தபடி சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தேன். கண்ணால் பார்க்காவிட்டால் ஓட்டுவது யார் என்று சொல்ல முடியாது. அப்படி ஒரு ஐந்து கிலோமீட்டர் வந்தேன்.

ஆர்.டி.ஓ. மைதானத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் தானே ஏறி ஓட்டிப் பார்த்தார். நான் வெளியே நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்று. இரண்டு. இரண்டிலிருந்து எடுக்கும்போது என் பல் தானாகக் கடித்துக்கொண்டது. மூன்று. விழுந்தது. வட்டமடித்து வந்து நிறுத்தினார்.

"ஹேண்ட் கியர் ஓட்டி ரொம்ப நாளாச்சு," என்றார். "நல்லா வச்சிருக்கீங்க. யார் பார்க்கிறது?"

"வூட்லயேதான் சார்," என்றாள் சுவேதா.

ஒரு வருஷத்துக்கு எஃப்.சி. கிடைத்தது. அவள் உடனே அம்மாவுக்குப் போன் செய்தாள். "எம்மா, பாஸு! காயலாங்கடைக்காரனுக்குப் போன் பண்ணி வராதன்னு சொல்லு. நாளைக்கே கரைக்குப் போறோம்."

திரும்பும் வழியில் நான்தான் நிறுத்தச் சொன்னேன். ரோட்டோரம் ஒரு லேத் பட்டறை திறந்திருந்தது. சுவேதாவை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். பட்டறைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"ஓட்ட எவ்ளோ?"

"பதினெட்டு."

"பின்னு எவ்ளோ?"

நேற்று நூல் சுற்றும் முன் அளந்திருந்தேன். இரண்டு இடத்தில். அதையும் சொன்னேன். தேய்ந்த முனைக்கு எப்படி உள்பக்கம் தடிமன் விட வேண்டும் என்று ஒரு தாளில் வரைந்து காட்டினேன். அவர் ஒரு நைலான் கட்டையை மாட்டி, பதினைந்து நிமிஷத்தில் கடைந்து கையில் கொடுத்தார். வெள்ளையாக, சூடாக இருந்தது. சரியான அளவு. இதை மாட்டினால் பல வருஷம் வரும். நூலுக்கு வேலை இருக்காது. மாதாமாதம் யாரும் அடியில் படுக்க வேண்டாம்.

அதைச் சட்டைப் பைக்குள் போட்டேன். அங்கே ஏற்கெனவே நேற்று அவிழ்த்த நீல நூல் சுருள் இருந்தது.

வண்டியில் ஏறினேன். சுவேதா கேட்டாள்.

"கெடச்சிதா மாமா?"

"இல்ல. அந்த சைஸ் வராதாம்."

அவள் என் சட்டைப் பையைப் பார்த்தாள். மெல்லிய சட்டை. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அக்காவுக்காக மூன்று வருஷம் வாயைத் திறக்காதவள்.

"அப்போ நூலுதானா?"

"நூல்தான்."

"மாசா மாசம் அவுத்துக் கட்டணுமே."

"வந்து கட்டுறேன்."

"நாந்தான் டார்ச்சு புடிக்கணுமா?"

"நீதான்."

அவள் கண்ணாடியில் பின்னால் ஒரு முறை பார்த்துக்கொண்டாள். "வர்றப்போ முன்னாடியே போன் பண்ணு," என்றாள். "அம்மா நெத்திலி எடுத்து வைக்கும்." பிறகு லீவரைத் தன் பக்கம் இழுத்து, முதல் கியருக்குத் தூக்கினாள்.